பெஞ்சு மேல் நின்ற கோட்டை

வரலாற்றைச் சூட்கேஸில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, மறுபடி மூடி எடுத்துக்கொண்டு வருவது என் தொழில்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி வைத்து வரலாறு சொல்லித்தர உதவும் ஒரு கம்பெனியின் சின்னக் கிளையில் வேலை பார்க்கிறேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கட்டம் போட்ட அட்டை ஒன்றைப் பெஞ்சின் மேல் வைத்து, டேப் என்கிற கைக்கணினியின் கேமராவை அதற்கு நேராகக் காட்டினால், திரையில் அட்டை இருந்த இடத்தில் ஒரு கோட்டை எழும்பும். சுற்றி வந்து பார்க்கலாம். குனிந்து வாசலுக்குள் எட்டிப் பார்க்கலாம். டேப்பை விலக்கினால் பழைய பெஞ்சும் அட்டையும்தான். பெரிய அட்டையை மைதானத்தில் விரித்தால் கோட்டையும் மைதானம் அளவுக்கு வளரும். டேப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தே போகலாம்.

பிள்ளைகள் இதை 'ஏஆரு' என்பார்கள். எங்கம்மா, பேகம்பூரில் யார் கேட்டாலும், "ஜரினாவா? பள்ளிக்கூடத்துல படம் காட்டுறா" என்று முடித்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு எதையாவது சுமந்துகொண்டு போய்ப் பிழைக்கிறவர்கள், அதாவது கண் பரிசோதனைக்குப் போகிறவர்கள், குரூப் போட்டோ எடுக்கிறவர்கள், பொம்மலாட்டக்காரர்கள் எல்லாரும், இதைப் படிக்கும்போது என்னைத் தங்கள் ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

கோட்டைக்கு லக்கேஜ்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நிலக்கோட்டை பஸ். வழியில் ஊருக்கு ஊர் மல்லிகைப் பூ மூட்டை ஏறிக்கொண்டே இருந்தது. ஈரச் சாக்கு வாசனையும் பூ வாசனையும் சேர்ந்து காலை ஏழரை மணிக்கே எல்லாருக்கும் கண் சொக்கியது. கண்டக்டர் என் சூட்கேஸைக் காலால் தட்டி, "உள்ள என்னம்மா இருக்கு?" என்றார். டேப் என்று சொன்னால் விற்கக் கொண்டுபோகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பதற்றத்தில், "கோட்டை" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஓர் அட்டையைப் பக்கத்துப் பூ மூட்டையின் மேல் வைத்து, டேப்பை அவர் கையில் கொடுத்தேன். மூட்டை மேல் கோட்டை எழுந்தது. பஸ் குலுங்கக் குலுங்கக் கோட்டையும் குலுங்கியது. சாக்கின் கிழிசல் வழியாகப் பிதுங்கிய மொட்டுகள் மதிலடியில் வெள்ளைப் பாறைகள் மாதிரி கிடந்தன. பூக்காரர்கள் தலைக்கு மேல் தலையாக எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் கோட்டை வாசலுக்குள் விரலை விட்டார். விரல் பூவில் பட்டது. விசில் கொடுக்க மறந்து ஒரு நிறுத்தமே தாண்டிப் போய்விட்டது. டேப்பைத் திருப்பித் தந்தவர் டிக்கெட்டை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, இம்புட்டுப் பெரிய கோட்டைக்கு லக்கேஜ் போடணுமா வேணாமா, நீயே சொல்லு."

அகழி

சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மைதானத்தில் பெரிய அட்டையை விரித்திருந்தோம். எங்கள் கோட்டை எந்த ஊர்க் கோட்டையும் இல்லை. பாடப்புத்தகத்துக்காக நாலைந்து கோட்டைகளைப் பார்த்துச் சேர்த்துச் செய்தது. அதைச் சுற்றி ஓர் அகழி, அதில் பச்சை நிறத் தண்ணீர், தண்ணீரில் மேகம் நகரும். அகழியைத் தாண்ட ஒரே ஒரு மரப்பாலம்தான். நாற்பது பிள்ளைகளும், ரெண்டு பேருக்கு ஒரு டேப்பாகப் பார்த்தபடி, பாலத்தில் வரிசையாகத்தான் போனார்கள். ஒருவன்கூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லாவற்றையும் சூட்கேஸுக்குள் வைத்துப் பூட்டியாகிவிட்டது. மைதானத்தில் வெயிலும் புழுதியும்தான் மிச்சம். தண்ணீர் பாட்டிலோடு குழாய்க்குப் போன ஒரு பெண், நேராகப் போகாமல் மைதானத்தைப் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு போனாள். திரும்பும்போதும் அதே வட்டம். "ஏம்மா, நேராப் போனா என்ன?" என்று கேட்டேன். நான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்பதுபோல நின்று, பொறுமையாகச் சொன்னாள்: "அங்கன அகழி இருக்குல்ல மிஸ்."

ஜன்னல்

திண்டுக்கல் ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே வரலாறு எடுப்பவர் அருள்மேரி டீச்சர். இருபது வருட அனுபவம். எங்கள் டேப்பை முதலில் சந்தேகத்தோடு பார்த்தவர், ஒரு தரம் கோட்டையின் படிக்கட்டுகளைப் பார்த்துவிட்டு, "செத்த நேரம் இருங்க, நானே ஏறிப் பார்த்துட்டு வாரேன்" என்று டேப்போடு ஒரு மூலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர்தான் பெரிய பலம்.

அந்த வகுப்பறையின் ஜன்னலைத் திறந்தால் ஊரின் மலை அப்படியே சட்டம் போட்ட மாதிரி தெரியும். பாறையும், அதன் தலையில் நிஜமான கோட்டையும், அதற்கு மேல் ஒரு பருந்தும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் டேப் திரையில் அடித்ததில் எங்கள் கோட்டை மங்கிப்போனது. பிள்ளைகள் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்பெஞ்சில் முணுமுணுப்பு கிளம்பியது. டீச்சர் ஜன்னல் பக்கம் பார்க்காமலே கை நீட்டிச் சொன்னார்: "அந்த ஜன்னலைச் சாத்துங்கடி, கோட்டை தெரியல."

குப்பை

முதல் வருடம் எங்கள் கோட்டை ரொம்ப அழகாக இருந்தது. கல்லெல்லாம் கழுவி விட்டதுபோலச் சுத்தம். தெருக்கள், தானியக் கிடங்கு, குதிரை லாயம், குளம். சாயந்திர வெயில் போல ஒரு மஞ்சள் வெளிச்சம் எப்போதும் அதன் மேல் இருக்கும். எனக்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும்.

நத்தத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி டேப்பை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக எதையோ தேடினாள். லாயத்தைப் பார்த்தாள், கிடங்குக்குப் பின்னால் பார்த்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு டேப்பைப் பெஞ்சில் வைத்தாள். "குப்பையே இல்லையே மிஸ். அப்ப இங்க ஆளே இருந்ததில்லையா?"

வாசலுக்கு ஓர் ஆள்

குப்பை விஷயத்தை ராஜபாண்டியிடம் சொன்னேன். எங்கள் கிளையில் கோட்டைகளைக் கம்ப்யூட்டரில் கட்டுகிறவன் அவன்தான்; ராஜா என்று கூப்பிடுவோம். என்னைவிட எட்டு வயது சின்னவன். கேட்டுவிட்டுக் கோட்டையைத் திரையில் திறந்து தெருத் தெருவாகப் பார்த்தான். பிறகு, "ஆள் போட்டுருவோம்க்கா" என்றான். நடிகர்களைக் கூட்டிவர எங்கள் கிளைக்கு வசதி இல்லை. அதனால் தெரிந்தவர்களை நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து, உடையை மாற்றிக் கோட்டைக்குள் விடுவது என்று முடிவானது. பூக்காரி கிடைத்தாள், குதிரைக்காரர் கிடைத்தார். வாசல் காவலர் மட்டும் கிடைக்கவில்லை. ராஜா காய்கறி மார்க்கெட்டுக்குப் போனபோது, வெங்காய மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்த ஒருவரைப் பார்த்து, அப்படியே பின்னால் போய்விட்டான். அவர்தான் முருகேசன் அண்ணன். ஆறடி. மீசை காதைத் தொடும். குரல் மட்டும் மெல்லிசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களுக்காக நின்றார். கையில் மூங்கில் கழி. அதைப் பிறகு வேலாக மாற்றினான் ராஜா. ரெண்டே ரெண்டு வசனம். "யாரு அது? எந்த ஊரு?" என்று அதட்டிக் கேட்க வேண்டும். நாலு விநாடி பொறுத்து, "சரி, உள்ள போ" என்று விட வேண்டும். அதட்டல் அவருக்கு வரவே இல்லை. பதினேழு தடவை எடுத்தோம். நடுவில் டீ குடிக்கும்போது என்னிடம் வந்து, ரொம்ப நேரமாக மனசில் இருந்ததைக் கேட்டார்: "தாயி, உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிக் காவல் காக்கிறது? ஒருக்கா காட்டிருங்களேன்."

அந்தக் காலத்து நான்

தண்ணீர் எடுத்துப் போகும் பெண்ணாக நின்றது நான்தான். பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தேன். ராஜா அதை மண்குடமாக்கினான். சேலையை மாற்றினான், நகையை எடுத்தான், செருப்பைக் கழற்றினான். முகத்தை அப்படியே விட்டுவிட்டான். வகுப்பில் நான் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இருபது டேப்புகளிலும் நான் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டு என்னையே பார்க்காமல் என்னைக் கடந்து போவேன். சில நாள் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நானே அவளைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்காத என் முகத்தை அங்கேதான் பார்த்தேன்.

நிலக்கோட்டையில் ஒரு பையன் டேப்பையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனைத் தட்டிக் காட்டினான். பிறகு எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அதுவரை எனக்குக் கொடுக்காத மரியாதையோடு கேட்டான்: "மிஸ், நீங்க அப்பவே இருந்தீங்களா?"

எந்த ஊரு?

முருகேசன் அண்ணன் வாசலில் நின்ற பிறகு எங்கள் வகுப்பே மாறிப்போனது. முன்பெல்லாம் பிள்ளைகள் கோட்டைக்குள் தபதபவென்று நுழைவார்கள். இப்போது வாசலில் நின்றார்கள். "யாரு அது? எந்த ஊரு?" என்றதும் பதில் சொன்னார்கள். பதில் சொல்லாவிட்டாலும் நாலு விநாடியில் அவர் உள்ளே விட்டுவிடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், தெரு. ஒருத்தி தன் ஆட்டுக்குட்டியின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

சின்னாளப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பையன் ஒருவன் இருந்தான். வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும்தான் தூக்குவான். அவன் முறை வந்தது. வாசலில் நின்றான். அவர் கேட்டார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயர், தெரு, வீட்டில் எத்தனை தறி, அதில் எது ரிப்பேர் என்பது வரைக்கும் சொல்லி முடித்தான். அதற்குள் அவர் மூன்று தடவை "சரி, உள்ள போ" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வகுப்பு சார் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ரெண்டு வருசமா நான் கேக்குறேன். எனக்கு மீசை போதலையோ என்னமோ."

தழும்பு

காவலருக்குக் கை இல்லாத மேலுடுப்பு. இடது தோளுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்தில் தடுப்பூசித் தழும்பு தெரியும். நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. அருள்மேரி டீச்சரின் வகுப்பில் ஒரு பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவரு காலத்துல ஊசி போட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. டீச்சர் அசரவில்லை. அன்றைக்குக் கோட்டையை ஓரமாக வைத்துவிட்டு, அம்மை வந்தால் அந்தக் காலத்தில் ஊரே எப்படிக் காலியாகும் என்று சொல்லிக்கொடுத்தார். ஊசியே படாத கைகள் எத்தனை சீக்கிரம் செத்துப்போயின என்று சொன்னபோது, பிள்ளைகள் தங்கள் கைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜாவிடம் தழும்பை அழிக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலைதான் அது. மறுநாள் வந்து பார்த்தால் தழும்பு அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்துகொண்டான். "அழிச்சுப் பார்த்தேன்க்கா. ஆளு வேற யாரோ மாதிரி ஆயிட்டாரு."

சார்ஜ் போன மதியம்

இந்தத் தொழிலின் சத்துரு மின்சாரம். நத்தத்தில் ஒரு மழைநாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. மதிய வகுப்பில் டேப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு கோட்டை போயிற்று, இன்னொரு கோட்டை போயிற்று. கடைசியில் ஒரே ஒரு டேப் மிச்சம். அதைப் பெஞ்சின் நடுவில் பிடித்துக்கொண்டு நாற்பது தலைகள் சுற்றி நின்றன. வெளியே மாந்தோப்பு மேல் மழை சீராக விழுந்தது; உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் பூக்காரி நடந்துபோனாள். திரை இருண்டபோது யாரும் கத்தவில்லை. "ம்ம்" என்று ஒரே மூச்சாக ஒரு சத்தம் மட்டும் வந்தது.

மழை விடும்வரை என்ன செய்வது? எல்லாரும் கண்ணை மூடுங்கள், கோட்டைக்குள் எங்கே நின்றீர்களோ அங்கேயே நில்லுங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன் என்றேன். வலப்பக்கம் குளம், இடப்பக்கம் கிடங்கு என்று மெதுவாகச் சொன்னேன். கூரையில் மழைச் சத்தம். எனக்கே இமை கனத்தது. பத்து நிமிஷம் போனபின் மூன்றாவது வரிசையிலிருந்து, கண்ணைத் திறக்காமலே ஒரு பையன் கையைத் தூக்கினான். "மிஸ், என் கோட்டையில ஆறு ஓடுது. அதுல இறங்கலாமா?"

வேலையில் இருக்கிறார்

ஆடி மாதம் ஒரு காலையில் ராஜாவிடமிருந்து போன். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த முருகேசன் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. அன்றைக்கு மதியம் எனக்கு வகுப்பு இருந்தது. போனேன். அட்டையைப் பெஞ்சில் வைத்தேன். "யாரு அது? எந்த ஊரு?" என்று இருபது டேப்பிலிருந்தும் அந்தக் குரல் வந்தது. பிள்ளைகள் வழக்கம்போலப் பதில் சொன்னார்கள். நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் கழிந்தபின் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பாண்டியம்மா அக்காவும் மகள் கவிதாவும் மட்டும் இருந்தார்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். அவரை அங்கேயே விடலாமா, எடுத்துவிடட்டுமா? வேண்டுமென்றால் இப்போது பார்க்கலாம், டேப் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அக்கா டேப்பைப் பார்த்தார், கை நீட்டவில்லை. "பிள்ளைககிட்ட நல்லாப் பேசுறாராம்மா?" என்று கேட்டார். நல்லாப் பேசுகிறார் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். உள்ளே போகும்போது, திரும்பாமல் சொன்னார்: "எடுக்க வேணாம்மா. நான் இப்ப பார்க்கல. அவரு எங்கயோ வேலையில இருக்காருன்னு இருக்கட்டும்."

காலி வாசல்

கவிதா அருள்மேரி டீச்சரின் ஒன்பதாம் வகுப்பில்தான் படித்தாள். அடுத்த புதன்கிழமை அந்த வகுப்புக்கு எங்கள் பாடம். நானும் டீச்சரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று ரெண்டு பேருக்கும் பயம். அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் காவலரை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ராஜா எடுத்துக் கொடுத்தான்.

மைதானத்தில் பெரிய அட்டையை விரித்தோம். கோட்டை எழுந்தது. வாசலில் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது. கவிதா டேப்போடு மதிலைச் சுற்றி ஒரு நடை போய்வந்தாள். இன்னொரு நடை போனாள். பிறகு என்னிடம் வந்து, "எங்கப்பா எங்க மிஸ்?" என்றாள். அவர் வீட்டில் எல்லாம் சொல்லியிருக்கிறார். வேல் பிடித்தது, பதினேழு தடவை எடுத்தது எல்லாம். "உங்க வகுப்புக்கும் ஒருநாள் வருவேன், என்னையத் தெரியாத மாதிரி இருக்கணும்" என்றுகூடச் சொல்லிவைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அவள் அந்த நாளுக்காகக் காத்திருந்திருக்கிறாள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "காட்டிருங்க ஜரினா" என்றார்.

பழைய கோட்டையைத் திறந்தேன். வேலை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். "யாரு அது? எந்த ஊரு?" கவிதா நிமிர்ந்து பார்த்தாள். "கவிதா. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. திண்டுக்கல்லு" என்றாள். குரல் பாதிதான் வெளியே வந்தது. அதன் பிறகு அந்த நாலு விநாடி. மைதானத்தில் ஒருத்தியும் அசையவில்லை. "சரி, உள்ள போ" என்றார். அவள் போனாள். மற்றப் பிள்ளைகள் டேப்பைத் தாழ்த்திவிட்டு அவளைத்தான் பார்த்தார்கள். வெறும் மைதானம். வெயில். அதன் நடுவில் சீருடை போட்ட ஒரு பெண் எங்களுக்குத் தெரியாத தெருக்களில் திரும்பி, எங்களுக்குத் தெரியாத கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, எங்களுக்குத் தெரியாத குளக்கரையில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் நனைந்திருந்தது. ஆனால் உதட்டோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "வீட்ல ஒருநாள்கூட இப்படி அதட்டுனது இல்ல மிஸ். நல்லா நடிக்கிறாரு."

புதுக் காவலர்

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லா டேப்புக்கும் புதுக் கோட்டை வந்தது. எங்களைக் கேட்கவில்லை. பெரிய ஸ்டூடியோவில் செய்த ஆட்கள். பூக்காரிக்குப் பட்டுச்சேலை. தண்ணீர் எடுப்பவள் என்னைவிட இருபது மடங்கு அழகு. அதை நான் பொறுத்துக்கொண்டேன். வாசலில் புதுக் காவலர். தோளில் தழும்பு கிடையாது. நாடகமேடைக் குரலில், "வருக! தாங்கள் யார்? எவ்வூரிலிருந்து வருகிறீர்கள்?" என்பார். பிள்ளைகள் சிரித்தார்கள், பதில் சொல்லாமல் அவரைத் தாண்டிப் போனார்கள். கோட்டை மறுபடி தபதபவென்று ஆகிவிட்டது. ராஜா மூன்று மின்னஞ்சல் அனுப்பினான். பதில் இல்லை. நான் போன் செய்தேன். "புதுசு தரமா இருக்கே, அப்புறம் என்ன?" என்றார்கள்.

அருள்மேரி டீச்சர் ஒரு காரியம் செய்தார். பாடம் எப்படி இருந்தது என்று பள்ளிக்கூடங்கள் மாதம் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். தனக்குத் தெரிந்த சின்னாளப்பட்டி, நிலக்கோட்டை, நத்தம் ஆசிரியர்களிடமெல்லாம் பேசி, பழைய காவலர் வரும்வரை கோட்டைப் பாடத்தையே நாங்கள் கரும்பலகையில் நடத்திக்கொள்கிறோம் என்று எல்லாரையும் எழுத வைத்தார். ரெண்டே வாரத்தில் தலைமை அலுவலகம் இறங்கி வந்தது. குடும்பத்தாரின் சம்மதம் கையெழுத்தாக வேண்டும் என்றார்கள். பாண்டியம்மா அக்கா கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை, திரையில் அவரைத் தொட்டால் அவர் பேர் தெரிய வேண்டும். ராஜா அதைச் செய்துகொடுத்தான். காவலர் மறுபடி வாசலுக்கு வந்த அன்று, டீச்சர் தன் படிவத்தில் கருத்து என்ற இடத்தில் எழுதியது: "புதியவர் நல்லவர்தான். ஆனால் அவருக்கு எங்கள் ஊர் தெரியாது."

விடைத்தாள்

இது போன மாதம் நடந்தது. கவிதா இப்போது பத்தாம் வகுப்பு. டீச்சரிடம் இருப்பது அடுத்த ஒன்பதாம் வகுப்பு. முருகேசன் அண்ணனை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள். தேர்வில் ஐந்து மார்க் கேள்வி ஒன்று, கோட்டைகளின் பாதுகாப்பு முறைகளை விளக்குக. நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தபோது டீச்சர் ஒரு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அதை நீட்டினார்.

உயரமான மதில், ஆழமான அகழி, மரப்பாலம் என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாள் அந்தப் பெண். ஐந்தாவது குறிப்பு இப்படி இருந்தது: 'கோட்டை வாசலில் முருகேசன் என்பவர் காவல் புரிந்தார். இவர் ஒவ்வொருவரையும் யார், எந்த ஊர் என்று விசாரித்த பிறகே உள்ளே அனுப்பினார். இவர் யாரையும் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.' நான் படித்து முடிக்கும்வரை டீச்சர் சிவப்புப் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "தப்புத்தான் ஜரினா, தெரியுது. அடிக்கத்தான் கை வர மாட்டேங்குது. அரை மார்க் போட்டுட்டேன், கவிதாகிட்ட மட்டும் சொல்லிருங்க."

பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டக் கிளம்பிய நாங்கள், அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசவைத்துவிட்டு, மாதக் கடைசியில் அதை 'வரலாற்றுப் பாடம் நிறைவுற்றது' என்று ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.